களிமண்ணும் காற்றும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நீரில் கலங்கிய களிமண் துகள்கள் ஒட்டித் திரள்வதற்கு, அவற்றின் மேல் தங்கும் வாயுப் படலமும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்ததில் மின்சுமையும் உப்பும்தான் வருகின்றன. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் பொடியைக் கலக்கினேன். கொதிக்காத தண்ணீரைவிட மெதுவாகத்தான் தெளிந்தது. காற்று போனதுதான் காரணமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்களே கலக்கிப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த முடிவுக்கு இப்போதே வர முடியாது. குழாய்த் தண்ணீர் கடினநீர் என்றால், கொதிக்கும்போது அதிலுள்ள கால்சியத்தில் ஒரு பகுதி கார்பனேட்டாகப் படிந்துவிடும். களிமண்ணைத் திரள வைப்பதில் கால்சியம் கெட்டிக்காரன். அது குறைந்தாலே கலங்கல் தெளியத் தாமதமாகும். இன்னொன்று, கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடும் வெளியேறுவதால் நீரின் அமிலத்தன்மை குறைகிறது. அமில நீரில் கயோலினைட் தகட்டின் விளிம்பு நேர்மின்சுமை பெற்று, எதிர்மின்சுமை கொண்ட முகத்தோடு ஒட்டும். சீட்டுக்கட்டு வீடு போன்ற அமைப்பு அப்படித்தான் உருவாகிறது. ஆக நீங்கள் பார்த்த வேறுபாட்டை மின்சுமையை வைத்தே விளக்கிவிடலாம்.

சரி, அப்படியானால் வாயுப் படலம் எங்கே வருகிறது? கயோலினைட் தகட்டுக்கு இரண்டு முகங்கள். ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) நிறைந்த முகம் நீரை விரும்பும். சிலிக்கா முகம் அவ்வளவாக விரும்பாது. வாயு தங்க இடம் கிடைப்பது அங்கேதான். நீரை விலக்கும் இரண்டு பரப்புகள், மூலக்கூறுகளுக்கு இடையே மிக அருகில் மட்டும் வலுவாக இருக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு விசை எட்டாத தூரத்திலிருந்தே ஒன்றையொன்று இழுப்பது ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பியது. 1994-இல் பார்க்கர், கிளேசன், அட்டார்ட் மூவரும் தூரத்தோடு அந்த விசை மாறுவதைக் குறிக்கும் வரைகோட்டில் திடீர்ப் படிகள் தெரிவதைக் காட்டி, பரப்புகளுக்கு நடுவே நுண்குமிழிகள் பாலம் கட்டுகின்றன என்றார்கள். 100 நானோமீட்டர் ஆரமுள்ள குமிழிக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சுமார் 14 வளிமண்டலம் கூடுதலாக இருக்க வேண்டும். அது நொடியில் கரைந்துபோக வேண்டியதுதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பரப்பில் ஒட்டிய குமிழி தட்டையாகப் படர்ந்திருக்கும். அதன் வளைவு குறைவு, விளிம்பும் பரப்பில் மாட்டிக்கொண்டு நகராது. 2000-இல், நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் படங்களிலேயே அவற்றைப் பார்த்தார்கள்.

களிமண்ணில் மின்சுமைதான் முதல் காரணம், வாயு துணைக் காரணம். இது என் உறுதியான கருத்து.

அப்புறம், காற்று தண்ணீரில் மட்டும் இல்லை. உலர்ந்த பொடி தன் இடுக்குகளில் காற்றைச் சுமந்துகொண்டே நீருக்குள் இறங்குகிறது. அதனால் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்துப் பயனில்லை. காய்ச்சி வடித்த நீரில் களிமண்ணை நனைத்துக் கலக்கி, இரண்டு பங்காக்குங்கள். ஒன்றை வெற்றிடத்தில் வைத்துக் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை இழுத்துவிட்டு மூடுங்கள். இரண்டிலும் பிஎச் அளவை (அமிலத்தன்மையின் அளவு) சமமாக்கி, மறுபடி ஒரே மாதிரி கலக்கி, ஓர் இரவு அசையாமல் விட்டுத் தெளிந்த நீரும் கலங்கலும் பிரியும் தெளிவுக்கோடு எங்கே நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.