12க்கு 10 அடி அறைக்கு டவர் ஸ்பீக்கர் சரிப்படுமா, புக்‌ஷெல்ஃப் போதுமா?

அறை 12க்கு 10 அடி, டைல்ஸ் தரை, கேட்பது பெரும்பாலும் கர்நாடக வாய்ப்பாட்டு, நடுநடுவே எண்பதுகளின் திரைப்பாடல்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டவர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) வேண்டாம். நல்ல புக்‌ஷெல்ஃப் (ஸ்டாண்டில் வைக்கும் சின்னப் பெட்டி) ஜோடியும் ஆடாத ஸ்டாண்டும் வாங்குங்கள். கையில் இன்னும் பணம் இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

12 அடி என்பது சுமார் 3.66 மீட்டர். அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) பக்கத்தில் ஒலி அறைக்குள்ளேயே தேங்கி அதிரும். 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். நம் கான்கிரீட், செங்கல் சுவர்கள் தாழ்ந்த ஒலியை வெளியே கசியவிடாது, உறிஞ்சவும் செய்யாது. டவர் தன் பலத்தைக் காட்டுவதும் சரியாக இந்தத் தாழ்ந்த ஒலியில்தான். பேஸ் கிட்டாரில் ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும் ‘கும்’மென்று வீங்கி மற்றதை அமுக்கிவிடும்.

புக்‌ஷெல்ஃப் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸிலேயே சத்தம் குறையத் தொடங்கிவிடும். உங்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் வரை இறங்கினாலும் 98தான். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 வரை போகும், அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்த ஸ்பீக்கரும் ஏதோ ஓர் அறையை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ, வெளி ஒலிபரப்பு வேனுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கானது. சின்ன அறையில் மனிதக் குரலுக்கு இன்றும் அதற்குத் தனி ரசிகர்கள் உண்டு. பெரிய ஹாலில் சத்தமாக வைத்தால் திணறும். நேரெதிர், 1940களின் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர். அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் (ஒலியைப் பெருக்கும் புனல்) தொடர்ச்சியாக்கிக்கொள்கிறது, மூலை இல்லாவிட்டால் அதன் பேஸ் மெலிந்துவிடும். ஆகவே கடையில் வாட்ஸ் எத்தனை என்று கேட்பதற்கு முன் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றரை, இரண்டு அடி உங்களால் விட முடியாதென்றால், போர்ட் (காற்று போய்வரும் துளை) இல்லாத, முழுக்க மூடிய சீல்டு பெட்டி நல்லது. போர்ட் முன்னால் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்பார்கள். பாதிதான் உண்மை. தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும், சுவர் அருகில் இருந்தால் பேஸ் கூடத்தான் செய்யும்.

வாட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏழெட்டு அடியில் உட்கார்ந்து கேட்க, 86 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எழும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு 40, 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

‘இது கர்நாடக இசைக்கு, அது ராக்குக்கு’ என்ற பேச்சையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிலாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து வைத்துப் பலரையும் கேட்க வைத்தார். எந்த அலைவரிசையையும் தூக்காமல் குறைக்காமல், பக்கவாட்டிலும் சீராக ஒலித்தவற்றைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். நல்ல ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் நல்லதுதான். எவ்வளவு கீழே இறங்க வேண்டும், எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கடையில் ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்லதாகத் தோன்றிவிடும்.

டைல்ஸ்தான் உங்கள் அறையின் உண்மையான பிரச்சினை. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று உலோகச் சத்தம் தொடர்ந்து வந்தால் வயலினும் அப்படித்தான் கீச்சிடும், பாட்டில் ‘ச’ வரும் இடமெல்லாம் காதைக் குத்தும். பழி ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மேல் விழும். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தடிமனான கம்பளம் (மெல்லிய ஜமுக்காளம் போதாது), ஜன்னலுக்குக் கனமான திரை, ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. பட்ஜெட்டில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், நாலைந்து மாதம் கேட்ட பிறகும் பேஸ் போதவில்லை என்றால் ஒரு சின்ன சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குப் பிரித்துவிடலாம். சப்பை எந்த மூலை சரிப்படுகிறதோ அங்கே நகர்த்திக்கொள்ளலாம். டவரில் அந்த வசதி கிடையாது. பாட்டு சரியாகக் கேட்கும் இடத்தில்தான் அதை வைத்தாக வேண்டும், பேஸ் அங்கே எப்படி இருந்தாலும்.