காதல் கல்யாணம், நகரத்து மண்டபம்: வாசகர் கேள்வி - பதில்

காதலித்தவரையே கைப்பிடிக்கப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் நகரத்தில் ஸ்டைலாக ஒரு கல்யாணம் நடத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

ஆறு வருடக் காதல். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியாயிற்று. எட்டு மாதத்தில் கல்யாணம். போனில் மேடை, உடை, விளக்கு என்று நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே பிடிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு மணப்பெண்

வாழ்த்துகள்! அந்தப் படங்களை ஒரு வாரம் திறக்காமல் இருங்கள். முதல் வேலை விருந்தினர் பட்டியல். எத்தனை பேர் என்று தெரியாமல் மண்டபம் பார்க்க முடியாது. மண்டபம் கிடைக்காமல் தேதி உறுதியாகாது. தேதி இல்லாமல் போட்டோகிராபர், மேக்கப் கலைஞர் யாரையும் பிடித்துவைக்க முடியாது. பிடித்த அலங்காரத்துக்கு முதலில் முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற மண்டபத்தைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். வராவிட்டால் தேதியையே மாற்றத் தயாராக இருக்கும் அளவுக்கு நெருங்கியவர்கள். வந்தால் சந்தோஷப்படுவோம் என்பவர்கள். அழைக்காவிட்டால் மனம் நோகும் என்பவர்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாக எழுதி, பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒரே பட்டியலாக்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எத்தனை பேர்’ என்ற எண் கட்டாயம் வேண்டும். ‘அவங்க குடும்பம்’ என்று மட்டும் எழுதினால் அது இரண்டும் ஆகலாம், ஏழும் ஆகலாம்.

அடுத்து இடக் கணக்கு. ‘முந்நூறு பேர் தாராளமாக உட்காரலாம்’ என்று மண்டபத்தில் சொன்னால், அது வரிசையாக நாற்காலி போட்ட கணக்கா, வட்ட மேசை போட்ட கணக்கா என்று கேளுங்கள். வரிசை நாற்காலிக்கு ஆளுக்கு 6 முதல் 8 சதுர அடி போதும். வட்ட மேசை என்றால் 12 முதல் 15 சதுர அடி வேண்டும். 200 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 14 வீதம் 2,800 சதுர அடி. 24-க்கு 12 அடியில் மேடை, கிட்டத்தட்ட 290. பாதிப் பேர் ஆடுவார்கள் என்றால் ஆடுகளத்துக்கு 450. ஆக 3,500-ஐத் தாண்டுகிறது. வரவேற்பு மேசை, பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழி எல்லாம் அதற்கு மேல். 5 அடி விட்டமுள்ள மேசைக்கு 8 பேர், 6 அடிக்கு 10 பேர். ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 அடி விடாவிட்டால், பின்னால் தள்ளிய நாற்காலிகளே வழியை அடைத்துவிடும்.

நகரத்து மண்டபங்களில் பலர் கேட்க மறப்பது சரக்கு லிஃப்ட்டைப் பற்றி. மண்டபம் ஏழாவது மாடியில் இருக்கும். 8-க்கு 4 அடிப் பலகைகளால் செய்த மேடைப் பின்னணி வந்து இறங்கும். லிஃப்ட் கதவின் உயரம் ஆறரை அடி. அங்கேயே பலகையை அறுக்கத் தொடங்குவார்கள். ஒட்டுப்போட்ட இடம் படத்தில் கோடாகத் தெரியும். முன்பணம் கொடுக்கும் முன்பே கதவின் அகலம், உயரம், உள் ஆழம் மூன்றையும் அளந்து அலங்காரக்காரரிடம் கொடுங்கள். முந்தைய நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிகிறது, உங்கள் ஆட்கள் எப்போது உள்ளே நுழையலாம், இரவு எத்தனை மணிக்கு ஒலியை நிறுத்தச் சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இவை முடிந்த பிறகு அந்தப் படங்களைத் திறந்து பத்தை மட்டும் வையுங்கள். பத்திலும் பொதுவாக எது இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு பொருளாக இருக்காது. ஒரு நிறமோ, மங்கலான வெளிச்சமோ, மேடையில் விட்டுவைத்த வெற்றிடமோதான் உங்களை இழுத்திருக்கும். அதுதான் உங்கள் ஸ்டைல். நிறங்களை மூன்றோடு நிறுத்துங்கள்: ஒன்று பெரும்பகுதி, இரண்டாவது அதில் பாதி, மூன்றாவது அங்கங்கே. தேர்ந்தெடுக்கும்போது மண்டபத்தின் தரைவிரிப்பையும் திரையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அடர் சிவப்பு விரிப்பு ஏற்கெனவே தரை முழுக்க இருக்கும்போது, வெளிர் ரோஜா நிறத்தில் எவ்வளவு செலவழித்தாலும் எடுபடாது.

எங்கள் காதல் கதை கல்யாணத்தில் தெரிய வேண்டும் என்று ஆசை. ஆனால் பார்க்கிறவர்கள் நெளியக் கூடாது. எப்படி?
- ஒரு மாப்பிள்ளை

கதை முழுவதையும் சொல்ல முயலாதீர்கள். விருந்தினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உங்கள் இருவரில் ஒருவரை மட்டுமே தெரியும். பன்னிரண்டு நிமிட வீடியோ போட்டால் நான்காவது நிமிடத்தில் அரங்கம் முழுக்கப் பேச்சுச் சத்தம்தான் இருக்கும். மூன்று நிமிடம், ஒரே ஒரு தருணம். முதலில் பேசியது, முதலில் பயந்தது, வீட்டில் சொன்ன நாள் என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள். அதை இருவரும் தனித்தனியாகச் சொல்வதைப் பதிவுசெய்து மாற்றி மாற்றிக் கோத்தால், ஒரே நாளை இருவரும் வேறு வேறு விதமாக நினைவு வைத்திருப்பது தானாகவே சுவை கூட்டும். பேச்சை எழுத்திலும் திரையின் கீழே போடுங்கள். அரங்கின் இரைச்சலில் பாதி காதில் விழாது.

வீட்டில் எதிர்ப்பு இருந்திருந்தால் அதை வீடியோவில் சேர்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். உங்களுக்கு அது ஜெயித்த கதை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, எல்லோர் முன்னாலும் கேட்கிற குற்றச்சாட்டு. சம்மதித்தவர்களை அப்படி உட்கார வைப்பது நியாயமில்லை.

போனை நேராகப் பிடித்து எடுத்த காட்சிகள் அகலத் திரையில் நடுவே ஒரு பட்டையாகத்தான் தெரியும். எடுக்கும்போதே போனைப் படுக்கவாட்டில் பிடியுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடாமல் கோப்பாக இரண்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள். பகல் வெளிச்சம் நுழையும் அரங்கில் புரொஜெக்டர் படம் வெளுத்துப் போகும், எல்.இ.டி. திரை கேளுங்கள். அரங்கின் கணினியிலேயே, அரங்கின் ஒலிபெருக்கியிலேயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

வீடியோவே வேண்டாம் என்றாலும் சரிதான். மேசைகளுக்கு எண்ணுக்குப் பதிலாக நீங்கள் சந்தித்த இடங்களின் பெயரை வைத்து, அதன் கீழே இரண்டு வரி எழுதினால் போதும். உட்கார்ந்ததும் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் நுழைவாயிலில் வைக்கும் பலகையில் விருந்தினர் பெயர்களை அகர வரிசையில் எழுதி, எதிரே மேசையின் பெயரைக் குறியுங்கள். மேசைவாரியாக எழுதினால் ஒவ்வொருவரும் பலகை முழுவதையும் படித்துத் தேட, வாசலில் கூட்டம் நின்றுவிடும். பழைய கடிதம், டிக்கெட் எதையாவது காட்சிக்கு வைப்பதாக இருந்தால் நகலை வையுங்கள்.

தோழி கல்யாணப் படங்களில் எல்லோர் முகமும் ஊதா நிறம். சில வீடியோக்களில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. தங்கை கல்யாணத்தில் இதை எப்படித் தவிர்ப்பது?
- மணப்பெண்ணின் அக்கா

அலங்கார விளக்கும் முகத்துக்கான விளக்கும் ஒன்றாகிவிட்டதால் வந்த வினை. ஊதா, நீலம், பச்சை எல்லாம் சுவருக்கும் திரைக்கும் மட்டும். மேடையில் நிற்பவர்களின் முகத்துக்கு வெள்ளை வெளிச்சம்தான், அதுவும் ஒரே வகை வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம் வேண்டுமென்றால் எல்லாமே 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்) என்று சொல்லுங்கள். அதன் நடுவில் 5500 கெல்வின் விளக்கு ஒன்று வந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் பதிவாகும். கேமராவில் ஏதாவது ஒரு வெள்ளைக்குத்தான் சரிசெய்ய முடியும். வாடகைக்குத் தருகிறவரிடம் ‘சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்கிறதா’ என்றும் கேளுங்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. அது குறைந்தால் தோல் நிறம் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

விளக்கு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். தலைக்கு நேர் மேலே இருந்தால் கண்குழிகளில் நிழல் விழும். எவ்வளவு நல்ல மேக்கப்பும் களைத்த முகமாகத்தான் தெரியும். முன்பக்கம் இரண்டு பக்கங்களிலிருந்தும், சுமார் 45 டிகிரி உயரத்திலிருந்து வரட்டும். இருவரும் பின்னணியிலிருந்து 6 அடியாவது முன்னால் நின்றால் அவர்களின் நிழல் திரையில் விழாது. பூ வேலைப்பாடும் மென்மையாக மங்கி, முகங்கள் தனித்துத் தெரியும்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம், மலிவான எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைக்கச் சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. பெரும்பாலான பட்டைகள் இதிலேயே மறைந்துவிடும். விளக்கைக் குறைவாக எரியவிடும்போது சிலவற்றில் பட்டை திரும்ப வரும். ஆகவே முந்தைய நாள் போட்டோகிராபரும் விளக்குக்காரரும் அரங்கில் பத்து நிமிடம் சேர்ந்து நின்று சோதித்துவிடட்டும். இருவரையும் வேறு வேறு ஆட்கள் ஏற்பாடு செய்யும்போது இந்தச் சந்திப்பு நடப்பதே இல்லை.

அழைப்பிதழில் அச்சான கியூ.ஆர். குறியை யார் போனும் படிக்கவில்லை. நிறமும் திரையில் பார்த்ததைவிட மங்கல். மறுபடி அச்சடிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
- ஒரு மணமகன்

குறியைத் தங்க நிற ஃபாயிலில் அச்சிட்டிருக்கிறீர்களா? அது பளபளத்து வெளிச்சத்தைத் திருப்பிவிடும், போனுக்குப் பிடிபடாது. வெளிர் பின்னணியில் அடர் மையில், 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்று ஓரம் விட்டு அச்சிடுங்கள். குறியை உருவாக்கித் தந்த சேவை இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கிறதா என்றும் பாருங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, திரை ஒளியால் காட்டுவதை அச்சு மையால் காட்ட முடியாது. மேல்பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை இன்னும் மங்கலாக்கும். அதே தாளில், அதே இயந்திரத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே முழுவதையும் அச்சிடச் சொல்லுங்கள்.

வருவீர்களா என்று கேட்டு அனுப்பியும் பாதிப் பேர் பதில் சொல்லவில்லை. விருந்துக்கு எத்தனை பேர் என்று சொல்வது?
- மணப்பெண்ணின் தந்தை

ஐயா, பதில் வராதவர்களை ‘வரமாட்டார்கள்’ என்று எண்ணிவிடாதீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசித் தேதி வைத்து, அது கடந்த மறுநாளே போனில் அழையுங்கள். இரண்டு வீட்டிலும் உரிமையோடு பேசக்கூடிய தலா இருவர் பட்டியலைப் பிரித்துக்கொண்டால் சில மாலைகளில் முடிந்துவிடும். ‘வருவீங்களா?’ என்று கேட்டால் ‘கண்டிப்பா’ என்றுதான் பதில் வரும். ‘எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கட்டும்?’ என்று கேளுங்கள், சரியான எண் கிடைக்கும்.

எல்லாக் கல்யாணமும் இரண்டு மணி நேரம் தாமதமாகிறது. எங்களுடையது நேரத்துக்கு நடக்க வழி உண்டா?
- மணமக்கள் இருவர்

உண்டு. தாமதம் எங்கே பிறக்கிறது என்று கணக்குப் போட்டால் இரண்டு இடங்கள்தான். ஒன்று மேக்கப் அறை. மணப்பெண்ணுக்கு முகமும் தலையலங்காரமும் சேர்த்து இரண்டு மணி நேரம், உடன் இருப்பவர்களுக்கு ஆளுக்கு முக்கால் மணி. ஐந்து பேருக்கு ஒரே கலைஞர் என்றால் மூன்றே முக்கால் மணி நேரம் அதிலேயே போகும். உதவியாளர் இன்னொருவரைக் கேளுங்கள். மணப்பெண் கடைசி ஆளாக உட்காரக் கூடாது. கடைசிக்கு முந்தையவராக உட்காரட்டும். முந்தையவர்களின் தாமதம் முழுதும் அவர் தலையில் விழாது.

இன்னொன்று மேடை. 300 பேர், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம்! குடும்பமாக நான்கு நான்கு பேராக வந்தால் 75 முறை. ஒவ்வொன்றுக்கும் 40 வினாடி என்றால் 50 நிமிடத்தில் முடியும். இதற்கு மேடையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க இரண்டு படிகள் வேண்டும், வரிசையைக் கோத்து அனுப்ப ஒருவர் வேண்டும். நெருங்கிய குடும்பப் படங்களை விருந்தினர் வரும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டணிக்கும் மூன்று நிமிடம், இருபது கூட்டணி என்றால் ஒரு மணி நேரம். யார் யார் எந்தப் படத்தில் என்று எழுதிய தாள், எல்லோரையும் முகம் பார்த்து அறிந்த ஓர் உறவினர் கையில் இருக்கட்டும். போட்டோகிராபருக்கு உங்கள் சித்தப்பா யாரென்று தெரியாது.

மாலை வெயிலில் வெளியே படம் எடுக்க ஆசைப்பட்டால், வானிலைச் செயலி சொல்லும் அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். உயரமான கட்டடங்கள் அதற்கு வெகு முன்பே வெயிலை மறைத்துவிடும். சில நாள் முன்பு அதே நேரத்தில் போய் நின்று பாருங்கள்.

காதலித்தபோது வராத சண்டையெல்லாம் கல்யாண ஏற்பாட்டில் வருகிறது. இது சரியாகுமா?
- பெயர் வேண்டாம்

ஆகும். நாள் முழுக்கக் கல்யாணப் பேச்சாக இருப்பதுதான் பாதிக் காரணம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முடிவெடுக்க வேண்டியதை எல்லாம் அப்போது மட்டும் பேசுங்கள். ஆளுக்கு மூன்று விஷயம் எழுதுங்கள். அவற்றில் எழுதியவர் சொல்வதே முடிவு. மற்றவற்றில் யாருக்கு அதிக அக்கறையோ அவரிடம் விட்டுவிடுங்கள். அவரவர் வீட்டாரிடம் அவரவரே பேச வேண்டும் என்பது மிக முக்கியம். மாமியாரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வேலை மருமகளுக்கு வரக் கூடாது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வையுங்கள். கூடுதல் நேரக் கட்டணம், மின்சாரம், வரி என்று கடைசி வாரத்தில் வருபவைதான் நிறையச் சண்டைகளைக் கிளப்புகின்றன.

மொட்டை மாடியில் வரவேற்பு. மழை வந்தால்?
- மாப்பிள்ளையின் தம்பி

அதே கட்டடத்தில் கூரைக்குக் கீழே ஓர் இடத்தை இப்போதே சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். மாடியில் பந்தல் போடுவதென்றால் தரையில் முளை அடிக்க முடியாது. கால்களுக்கு எடைக் கட்டிகள் வைக்க வேண்டும், அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். எந்தக் காற்று வேகத்துக்கு மேல் பந்தலை இறக்குவார்கள் என்று பந்தல்காரரிடம் கேளுங்கள். அவர் ஓர் எண்ணைச் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்புப் பஞ்சு போடச் சொல்லுங்கள். மேலேயா, கீழேயா என்ற முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்குள் எடுப்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். முந்தைய நாள் மாலைக்குள் முடிவானால்தான் விளக்கும் மேடையும் கீழே இறங்க நேரம் இருக்கும். அந்தப் பொறுப்பு மணமக்களுக்கு வேண்டாம். தம்பி, அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.