நாய்க்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? இனி அது நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும்.

விபத்தில் அடிபட்டு ஒரு பின்னங்காலை எடுத்து, நேற்றுதான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். மூலையில் படுத்து முனகுகிறது, சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகித்துக்கொள்கிறேன்: "இதற்கு ஒரு ஊசி போட்டு மேலே அனுப்பியிருக்கலாமே" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அது உங்களைக் குடைந்துகொண்டிருக்கிறது. எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் வேலையை எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். "இதையெல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டும், கண்டவரிடம் கேட்கக் கூடாது" என்று யாராவது வருவார்கள். டாக்டரிடமும் கேளுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் ஆபரேஷன் முடித்து அனுப்பிய பிறகு, நடுராத்திரியில் அது எழுந்து தடுமாறி விழும்போது பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

எங்கள் நாயின் பெயர் பூச்சி. நாட்டு நாய், ஆண். பரமத்தி ரோட்டில் ஒரு பைக் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வலது முன்னங்கால் மட்டும் தோளோடு செத்துத் தொங்கியது. டாக்டர் விரலை இடுக்கியால் நன்றாக அழுத்திப் பார்த்தார். பூச்சி ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கண்ணைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் கண்மணி மட்டும் சுருங்கி இருந்தது. கண்ணிலும் அடிபட்டிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கழுத்துக்குக் கீழே தண்டுவடத்திலிருந்து முன்னங்காலுக்குப் போகும் நரம்புக் கொத்து வேரோடு பிய்ந்துவிட்டால் கண்ணுக்குப் போகும் நரம்பும் அந்த வழியிலேயே கெட்டுப்போகும், அதனால்தான் கண்மணி சுருங்கியிருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பார்த்தோம். உணர்ச்சி இல்லாத கால் என்றால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதானே என்று நினைப்போம். அப்படி இல்லை. பாதத்தின் மேல்பக்கம் தார் ரோட்டில் உரசி உரசிப் புண்ணாகிறது. நாய்க்கு வலி தெரியாது, அதனால் இழுத்துக்கொண்டே போகும். புண் என்றால் ஈ, ஈ என்றால் புழு. போதாததற்கு, அந்தக் காலில் என்ன மதமதப்போ, தன் விரலைத் தானே கடிக்க ஆரம்பித்தது. "காலை எடுத்துவிட்டார்களே, கல்நெஞ்சம்" என்று சொல்கிறவர்கள் அந்தப் புண்ணை ஒரு நாள் கழுவிப் பார்க்கட்டும்.

எடுத்தபோது தோள்பட்டை எலும்போடு எடுத்தார்கள். ஏன் இவ்வளவு மேலே என்று எனக்கும் அதிர்ச்சிதான். குட்டையாக விட்டால் அதை ஊன்றப் பார்க்கும், இடித்துக்கொள்ளும், நுனி புண்ணாகும். உங்களுடையதிலும் தொடையின் மேல்பகுதியிலோ இடுப்பு மூட்டிலோ எடுத்திருப்பார்கள். "ஜெய்ப்பூர் கால் வைக்கலாமே" என்று பத்துப் பேர் சொல்வார்கள். செயற்கைக் காலை மாட்ட ஒரு அடிக்கட்டை வேண்டும், இங்கே அது இல்லை. தலையாட்டிவிட்டு விடுங்கள்.

இப்போது உங்கள் நாயின் முனகலுக்கு வருகிறேன். முதல் ஒன்றிரண்டு நாள் மயக்க மருந்தின் மிச்சத்திலேயே நாய் கொஞ்சம் முனகும், ஆளைத் தெரியாதது போலப் பார்க்கும். ஆனால் எல்லாவற்றையும் மயக்க மருந்தின் தலையில் போடாதீர்கள். வெயிலே இல்லாமல் மூச்சு வாங்குவது, உடம்பு நடுங்குவது, படுக்க முடியாமல் திரும்பத் திரும்ப எழுவது, இதெல்லாம் வலி. டாக்டருக்கு போன் செய்து மாத்திரையின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், தயக்கமே வேண்டாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். நமக்குத் தலைவலி போக்குவது நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையையும் வெறும் வயிற்றில் போடாதீர்கள். வாந்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால், அடுத்த மாத்திரைக்கு முன்னால் கேளுங்கள்.

எழுதிக் கொடுத்ததில் காபாபென்டின் இருந்தால் அது நரம்பு வலிக்கு. மெடிக்கலில் அதோடு வேறு மருந்து கலந்த மாத்திரையும் கிடைக்கும். "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா" என்று எடுத்து நீட்டுவார்கள். சீட்டில் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இல்லாத காலிலும் வலி வரும். பூச்சி நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கத்திவிட்டு, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கும். எங்கள் மாமியார் காத்து கருப்பு என்று வேப்பிலை எடுக்கப் போய்விட்டார். மருந்தில்தான் அது அடங்கியது. உங்களுடையது அப்படிக் கத்தினால் டாக்டரிடம் சொல்லுங்கள், பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நாமக்கல்லில் எங்களுக்குப் பஞ்சமில்லை, முட்டை ஊர். அவித்த முட்டையை வாய்க்கு நேராக நீட்டினேன், சாப்பிட்டது. தட்டைத் தரையில் வைத்தால் சாப்பிடாது. முன்னங்கால் ஒன்று இல்லாத நாய் தலையைத் தாழ்த்தினால் எடை முழுக்க மிச்சமுள்ள ஒற்றைக் காலில் இறங்கும். கிண்ணத்தை ஒரு மனைப்பலகை மேல் வைத்ததும் சரியாகிவிட்டது. உங்களுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது. நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். பின்னங்கால் போனது அந்த விதத்தில் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன், கோபப்படாதீர்கள். இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டால் பயப்பட வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தின பட்டினி, வலி மருந்து இரண்டும் சேர்ந்து அப்படிச் செய்யும். உப்பு காரம் இல்லாமல் அவித்த பரங்கிக்காய் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரும் சோறும் தொடவே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

தையலைச் சுற்றி ஊதாவாகவும் அப்புறம் மஞ்சளாகவும் கன்றியிருக்கும். அது கீழே இறங்கி வயிறு வரைகூடப் பரவும். கீழ்ப்பக்கம் மெத்தென்று நீர் கோத்து வீங்கலாம். அமுக்கி எடுக்க வேண்டாம், பெரும்பாலும் தானாக வற்றும். சூடாக இருந்தால், நாற்றம் அடித்தால், சீழ் வந்தால் அது வேறு கதை, அன்றைக்கே ஓடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் தையல் மேல் பூசாதீர்கள், யார் சொன்னாலும். ஈக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். கொசுவலைக்குள்ளேயே படுக்க வைத்தோம். தையல் பிரிக்கும் வரை, பத்திலிருந்து பதினாலு நாள், நக்கவே விடக் கூடாது. நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு ஒன்றைக் கடையில் வாங்கினோம், பூச்சி அதை ஒரே ராத்திரியில் உடைத்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி, கழுத்துப் பட்டையோடு கட்டிவிட்டோம். அசிங்கமாகத்தான் இருந்தது, வேலை செய்தது.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமானது, உங்கள் வீட்டுத் தரை. டைல்ஸ்தானே? பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ்? அதில் நாலு கால் உள்ள நாயே வழுக்கும். வீடு கட்டும்போது சிவப்புக் காவியோ சொரசொரப்பான கல்லோ போடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஊரே டைல்ஸ் போடுது, நாம மட்டும் என்ன?" என்று என் வீட்டுக்காரர் பாத்ரூம் வாசல் வரை கண்ணாடி மாதிரி போட்டு வைத்தார். எங்கள் அம்மா ஒருமுறை அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அப்போதும் மாற்றவில்லை. பூச்சி ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான், அதுவும் என் வாய்க்குப் பயந்து, பட்டறையில் லாரி கேபினுக்குப் போடும் ரப்பர் மேட்டில் மிச்சத் துண்டுகளை வாங்கி வந்து, அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து பின்கதவு என்று பாதை போட்டார். மறுநாளே பூச்சி எழுந்து நடந்தது. அதுவரை நடக்கத் தெரியாமல் கிடக்கவில்லை, விழப் பயந்து கிடந்திருக்கிறது. ரப்பர் கிடைக்காவிட்டால் கயிற்று மிதியடி, யோகா மேட் எதுவும் ஆகும். சாக்கு போட்டால் மடங்கிக் காலைத் தட்டும், ஓரத்தை ஒட்டிவிடுங்கள். பாதத்தில் விரலிடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டி வையுங்கள், அதுவும் வழுக்கலைக் குறைக்கும்.

தூக்கி நடத்த ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடியுங்கள். தையலில் படக் கூடாது. ஆண் நாயாக இருந்தால் துண்டு மூத்திரத் துவாரத்தை அமுக்காமல் முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடக்கிக்கொண்டே நிற்கும். சில நாளில் அதுவே வேண்டாம் என்று உதறும். பூச்சி பழைய ஞாபகத்தில் கம்பத்துக்குப் பக்கத்தில் பின்னங்காலைத் தூக்கும், குப்புற விழும், சுற்றும் முற்றும் பார்க்கும். கொஞ்ச நாளில் பெட்டை நாய் போல உட்கார்ந்து ஒன்றுக்கு இருக்கக் கற்றுக்கொண்டது. நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஓடவும் குதிக்கவும் பார்க்கும். அப்போதுதான் கட்டிப்போட வேண்டும், தையல் பிரிக்கும் வரை மாடிப்படி கூடாது. படுத்துக் கிடக்கும் நாயைப் பார்த்து அழுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

செலவு எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு, அந்தக் காசில் ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாம் என்று பாடம் எடுப்பார்கள். என் நாத்தனார் போனிலேயே கேட்டார்: "நாய்க்குச் செலவழிக்கக் கை நீளுது, எம் பொண்ணு சீருக்கு மட்டும் கணக்குப் பார்த்தீங்களே அண்ணி?" தாய்மாமன் சீருக்கு என் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் பட்டும் தோடும் வாங்கினோம். தட்டு எண்ணிக்கை குறைச்சல் என்று இன்றுவரை பேச்சு. அந்த வீட்டில் யாரும் அம்மாவின் மணிக்கட்டை வந்து பார்க்கவில்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறவர்தான், நொண்டி நாய் வீட்டுக்கு ஆகாது என்றும் சொன்னார். அந்தப் பைரவரின் வாகனம் என்னவாம்? நாய்தானே? சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. அடித்துவிட்டுப் போனவன் மேல் புகார் கொடுக்கலாமா என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 325-ஆம் பிரிவு ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது, ஆனால் வேண்டுமென்றோ தெரிந்தோ செய்ததாகக் காட்ட வேண்டும். வண்டி நம்பர் தெரிந்தால் பாருங்கள், எனக்குத் தெரியவில்லை.

நாள் போகப் போக எடையில் கண்ணாக இருங்கள். பாவம் பாவம் என்று ஆளாளுக்கு பிஸ்கட் போட்டுக் குண்டாக்கினால் மிச்சம் மூன்று காலின் மூட்டும் தேயும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தையல் பிரிக்கப் போகும்போது பழைய போர்வை ஒன்றும் ரப்பர் மேட் ஒன்றும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் விரிப்பேன் என்று முதலிலேயே காட்டினால்தான் ஆட்டோக்காரர் ஏற்றுவார்.