கொட்டியது போக ஒட்டி வருவது: கன்வேயர் பெல்ட் கேள்வி பதில்

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடுகின்றன. பெல்ட்டில் ஒட்டுகிறது, ரோலரில் அப்புகிறது, கீழே குவிகிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு எழுதுகிறேன்.

கேள்வி (நிலக்கரி யார்டு சூப்பர்வைசர், எண்ணூர் பக்கம்): சார், 1,200 மி.மீ. பெல்ட். ஹெட் புல்லியில் (சரக்கைக் கொட்டும் முனையிலுள்ள உருளை) ஸ்கிராப்பர் (ஒட்டியதைச் சுரண்டும் பிளேடு) இருக்கிறது. இருந்தும் ரிட்டர்ன் பக்கம் (காலிப் பெல்ட் திரும்பி வரும் அடிப்பக்கம்) நெடுகக் கரித்தூள் குவிகிறது. ஷிஃப்டுக்கு நான்கு பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். இன்னும் ஆள் கேட்டால் மேனேஜர் கத்துகிறார்.

பதில்: ஆள் கேட்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். சரக்கைக் கொட்டிய பிறகும் பெல்ட்டில் ஒட்டியபடி திரும்பி வருவதைத்தான் கேரிபேக் என்கிறோம். பார்வைக்கு மெல்லிய பூச்சு மாதிரிதான் இருக்கும். அது சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு படியும் அகலம் 0.8 மீட்டர், வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், நொடிக்கு 160 கிராம் திரும்பி வருகிறது. மணிக்கு 576 கிலோ. 20 மணி நேரம் ஓடினால் 11 டன்னுக்கு மேல். அத்தனையும் கீழே விழாது. ஒரு பகுதி ஒட்டியபடியே சுற்றும். பாதி விழுந்தாலும் நான்கு மண்வெட்டிக்குத் தாங்குமா? அதையே 10 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டால், மணிக்கு 58 கிலோவோடு முடிந்துவிடும்.

உங்கள் பெல்ட்டில் எவ்வளவு என்று அளப்பது சுலபம். பெல்ட்டை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்ட பிறகு, ரிட்டர்ன் பக்கத்தில் சரக்கு படியும் இடத்தில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரையுங்கள். பெயின்டர் வைத்திருக்கும் பட்டி பிளேடால் அதைச் சுரண்டி, ஒரு கவரில் போட்டு எடை பாருங்கள். கிராமை நான்கால் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு வந்துவிடும். நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று எடுங்கள். அந்தக் கவரை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள், வேறு மாதிரிக் கேட்பார்.

ஒரு ஸ்கிராப்பர் போதாது என்பதுதான் உங்கள் விஷயம். முதல் ஸ்கிராப்பர் ஹெட் புல்லியின் முகத்தில், சரக்கு பாய்ந்து விழும் பாதைக்குக் கீழே இருக்க வேண்டும். பாலியூரித்தேன் பிளேடு, லேசான அழுத்தம். பெரிய ஒட்டலை அது எடுத்துவிடும். தூள் மட்டும் அதற்குத் தப்பிவிடும். ஒட்டி வருவதில் பெரும்பகுதி அந்தத் தூள்தான். அதற்கு இரண்டாவது ஸ்கிராப்பர், பெல்ட் புல்லியை விட்டு விலகும் இடத்துக்கு அருகே, டங்ஸ்டன் கார்பைடு முனையோடு. இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டாவது ஸ்கிராப்பர் சுரண்டியது எங்கே விழுகிறது? ஷூட்டுக்குள் (சரக்கு இறங்கும் சரிவுக் குழாய்) விழாமல் வெளியே விழுந்தால், குவியல் இடம் மாறும், அவ்வளவுதான். பல இடங்களில் ஸ்கிராப்பரைப் பழி சொல்கிறார்கள். அதன் கீழே ஒரு சரிவுத் தகடு இல்லாததுதான் அங்கே உண்மையான குறை.

கேள்வி (சிமென்ட் ஆலை ஃபிட்டர், அரியலூர்): அண்ணா, சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் வருகிறது. மழைக்காலத்தில் தாங்க முடியவில்லை. பிளேடு நடுவில் மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரமும் அப்படியே நிற்கிறது. ஸ்க்ரூவை இன்னும் முறுக்கியும் பயனில்லை.

பதில்: தம்பி, முறுக்குவதை நிறுத்துங்கள். சரக்கு ஓடுவது பெல்ட்டின் நடுப்பகுதியில். பிளேடோ பெல்ட்டின் முழு அகலத்துக்கும் போட்டிருக்கிறது. நடுவில் கல்லும் மண்ணும் உரச, அங்கே தேய்கிறது. ஓரத்தில் உரச ஒன்றுமில்லை, அதனால் அது தேய்வதில்லை. கொஞ்ச நாளில் அந்த இரண்டு ஓரமும் முட்டுக்கொடுத்த மாதிரி நின்று, நடுப்பகுதியைப் பெல்ட்டை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இனி எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தமெல்லாம் ஓரத்துக்கே போகும், ஓரத்தில் வெற்று ரப்பர் தேயும், நடுவில் களிமண் ஜாலியாகத் திரும்பி வரும்.

சரக்கு படியும் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்கும்படி பிளேடு போடுங்கள். அடுத்தது அழுத்தம். குறைந்தால் பிளேடுக்கும் பெல்ட்டுக்கும் இடையே தூள் நுழைந்து, இரண்டையும் அரைக்கும். கூடினால் பிளேடு சூடாகித் தேயும், பெல்ட்டின் மேல் ரப்பர் போகும், மோட்டாரும் வீணாகச் சுமக்கும். நடுவில் ஓர் அளவு உண்டு. பிளேடு செய்தவரின் தாளில் போட்டிருக்கும். பிளேடு தேயத் தேய டென்ஷன் தளரும் என்பதால், மாட்டிய அன்று வைத்ததோடு விட்டுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. நேர்மையாகச் சொன்னால், நான் பார்த்த மோசமான பெல்ட்டுகளில் பாதிக்கு மேல் நல்ல ஸ்கிராப்பர்தான் மாட்டியிருந்தார்கள். மாட்டியவரோடு அதன் கவனிப்பும் போய்விட்டது.

களிமண் மிக அதிகமாக இருந்தால் ஸ்கிராப்பர் மட்டும் போதாது. பெல்ட்டைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டும் வாஷ் பாக்ஸ் வைக்கலாம், ஆனால் அந்தச் சேற்றுத் தண்ணீர் போக வழி வேண்டும். அதை யோசிக்காமல் வைத்தால் பெல்ட்டுக்குக் கீழே குளம்தான்.

கேள்வி (எம்-சாண்ட் கிரஷர், கரூர்): பழைய பெல்ட்டை நறுக்கி, ஆங்கிளில் போல்ட் போட்டு ஸ்கிராப்பராக வைத்திருக்கிறோம். செலவே இல்லை. தவறா?

பதில்: செலவு இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய பெல்ட்டின் துணி அடுக்குகளில் கல்தூள் ஏறிப் படிந்திருக்கும். அதை ஓடும் பெல்ட்டில் அழுத்திவைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற கதைதான். ஸ்கர்ட்டுக்கும் (சரக்கு ஓரத்தில் சிந்தாமல் தடுக்கும் ரப்பர் பட்டை) இதே பதில். பழைய பெல்ட் துண்டை லாரியில் விரிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அனல் மின் நிலைய காண்ட்ராக்ட் ஊழியர்): பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஐட்லர்களை (பெல்ட்டைத் தாங்கும் ரோலர்கள்) தட்டித் தட்டி நேராக்குகிறோம். இரண்டு நாளில் மறுபடி இழுக்கிறது. ஐட்லரில்தான் கோளாறா?

பதில்: ஐட்லரை விடுங்கள். ஸ்னப் புல்லியையும் பெண்ட் புல்லியையும் (ரிட்டர்ன் பக்கத்தில் பெல்ட்டை அணைத்தும் திருப்பியும் விடும் உருளைகள்) பாருங்கள். பெல்ட்டின் அழுக்குப் பக்கம் நேராகப் படிவது அவற்றின் மேல்தான். ஈரக் கரி அங்கே அப்பி, காய்ந்து, அதன் மேல் இன்னொரு அடுக்கு அப்பும். சீராக அப்பினாலாவது பரவாயில்லை, ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் வெறுமை என்றுதான் இருக்கும். புல்லி ஒரு பக்கம் பருத்துவிட்டால் பெல்ட் எப்படி நேராக ஓடும்? ரிட்டர்ன் ரோலர்களிலும் இதே கதை. நீங்கள் ஐட்லரைத் தட்டி அந்தப் பருமனுக்கு ஏற்பச் சரிசெய்கிறீர்கள். கட்டி பெயர்ந்து விழுந்ததும் பெல்ட் மறுபக்கம் ஓடுகிறது.

சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்கிராப்பரைச் சரிசெய்து, அப்புறம் ஐட்லருக்கு வாருங்கள். ரிட்டர்ன் பக்கம் ரப்பர் வளையம் கோத்த ரோலர்கள் போட்டால் அப்புவது குறையும். டெயில் புல்லிக்கு (பெல்ட்டின் பின்முனை உருளை) முன்னால், பெல்ட்டின் உள்பக்கத்தில், சிந்தியதை ஓரத்துக்குத் தள்ளும் வி வடிவத் தடுப்பு (பிளவ்) இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலிருந்து சிந்திய ஒரு கல் பெல்ட்டுக்கும் டெயில் புல்லிக்கும் நடுவே சிக்கினால் பெல்ட் கிழியும்.

கரி என்பதால் இன்னொன்று. குவிந்த தூளுக்குள் புதைந்த ரோலர் சுற்றாமல் நின்றுவிடும், அதன் மேல் பெல்ட் உரசி உரசிச் சூடேறும். கரித்தூளோ குவிந்து கிடந்தால் தானாகவே கனலக்கூடியது. குவியலுக்குள் எந்த ரோலர் புதைந்திருக்கிறது என்பதை ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

கேள்வி: தூசிக்காகத் தண்ணீர் தெளிக்கிறோம். அதனால் ஒட்டல் கூடுமா?

பதில்: கூடும். காய்ந்த தூள் பறக்கும், நன்றாகக் கரைந்த சேறு வழிந்தோடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிசைந்த பதம் இருக்கிறதே, அதுதான் பெல்ட்டை விடாது. கொட்டும் இடத்தில் மட்டும், மிக நுண்ணிய துளிகளாக, பெல்ட்டில் சரக்கு இருக்கும்போது மட்டும் தெளியுங்கள். காலிப் பெல்ட்டில் நாசில் திறந்தே கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இந்தப் பேச்சே வேறு. எடையில் ஏறக்குறைய பாதி அதிலேயே ஈரம். அதன் மேலே கிடக்கும் மண்ணை அகற்றும் மேல்மண் பெல்ட்டுகளிலோ களிமண்ணும் கடலூர் மணற்கல்லும் சேர்ந்து வரும். ஒன்று ஒட்டும், மற்றது பிளேடை அரைக்கும்.

கேள்வி (ஜவ்வரிசி ஆலை, சேலம்): எங்களுடையது சின்ன பிவிசி பெல்ட். ஈர மாவு ஒட்டிக் காய்ந்து, பாளம் பாளமாகப் பெயர்கிறது. இரும்புத் தகடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், மேல் பூச்சு கிழிந்து உணவில் சேரும். உணவுக்கு ஏற்ற பாலியூரித்தேன் பிளேடு கேட்டு வாங்குங்கள். மெட்டல் டிடெக்டரில் தெரியக்கூடிய வகையும் உண்டு. முக்கியமாக, காயவிடாதீர்கள். ஓட்டம் நின்றதும் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட்டால் வேலை சுளுவு.

கேள்வி (ஹெல்பர், ஊர் வேண்டாம்): பெல்ட்டை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று, ஓடும்போதே கம்பியால் ரோலரைக் குத்திச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். நான் மாட்டேன் என்றால் வேலை போகும். என்ன செய்ய?

பதில்: செய்யாதீர்கள். நொடிக்கு 2 மீட்டர் ஓடும் பெல்ட்டில் கம்பி சிக்கினால், கையை விட வேண்டும் என்று மூளைக்கு உறைக்கும் கால் நொடிக்குள் கம்பி அரை மீட்டர் உள்ளே போயிருக்கும், கையும் கூடவே. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூட, தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறி, இறுக்கமான உடை அணிந்தவரைத்தான் அது அனுமதித்தது. குத்திச் சுத்தம் செய்வது அதில் எங்கே வந்தது?

புல் கார்டை (பெல்ட் ஓரமாக ஓடும் கயிறு) இழுத்துவிட்டு உள்ளே போவதும் போதாது. அது அவசரத்துக்கு நிறுத்த மட்டும். மெயின் ஐசொலேட்டரில் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) உங்கள் பூட்டு, சாவி உங்கள் பாக்கெட்டில். சரிவான பெல்ட் என்றால் மின்சாரம் இல்லாமலேயே பின்னால் உருளக்கூடும்; பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டேக்-அப் எடையின் இழுவையும் உள்ளேயே இருக்கும். அதையும் தடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். தனியாக மறுத்தால் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். ஷிஃப்டில் இருக்கும் எல்லோருமாக, எழுத்தில், சேஃப்டி ஆபீசருக்குக் கொடுங்கள். இதைப் படிக்கும் சூப்பர்வைசர்களுக்கு: குத்துகிற வேலை தினமும் வருகிறதென்றால் உங்கள் ஸ்கிராப்பர் வேலை செய்யவில்லை. திட்ட வேண்டியது ஹெல்பரை இல்லை.

கேள்வி: ஜாயின்ட் கிளிப் (பெல்ட்டின் இரு முனைகளைக் கோக்கும் உலோகப் பிணைப்பு) வரும்போதெல்லாம் கார்பைடு பிளேடு டக் டக் என்று அடிக்கிறது. பிளேடைக் கழற்றிவிடலாமா?

பதில்: கிளிப் மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் மேல் ரப்பரைச் சீவி, கிளிப் பெல்ட் மட்டத்துக்குக் கீழே உட்காரும்படி போடுங்கள். பிளேடு பின்வாங்கி மறுபடி வரும்படி ஸ்பிரிங் அல்லது ரப்பர் டென்ஷனர் இருக்க வேண்டும். போல்ட்டில் இறுக்கி நிறுத்தியது என்றால் அடிக்கத்தான் செய்யும். வசதி இருந்தால் அடுத்த ஷட்டவுனில் வல்கனைசிங் ஜாயின்ட் (கிளிப் இல்லாமல் ரப்பரையே ஒட்டிச் சேர்ப்பது). அதுவரை தினமும் முனைகளைப் பாருங்கள். ஒரு கார்பைடு முனை உடைந்தாலும் அந்த இடத்தில் பெல்ட் நெடுக ஒரு கோடு விழ ஆரம்பிக்கும்.