அம்மாவின் கால்வீக்கமும் காலை நிறையும்

வணக்கம். இதயச் செயலிழப்போடு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு நிறை ஏறி இறங்குகிறது, பின்னேரம் கால் வீங்குகிறது, தண்ணீரை நிறுத்தவா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். கொழும்பு வெக்கையில் ஒரேயடியாகக் குறைத்தால் தலைசுற்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

முதலில் நிறுக்கிற முறையைச் சரிசெய்யுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, தேநீருக்கு முன், அதே தராசு, அதே மாதிரி மெல்லிய உடுப்பு. தராசு வெறும் தரையில் இருக்கட்டும், பாய்மேல் வேண்டாம். உடனே கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் பெரும்பாலும் தேங்கிய நீர்தான். வீக்கம் தெரியும்வரை காத்திராமல் அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே விரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிரம்பாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி எல்லாம் உப்புத்தான், குறையுங்கள். அப்புறம், எனக்கு அதிகம் கவலை தருவது மூட்டுவலிக்கு பாமசியில் வாங்கும் டைக்குளோபெனாக் குளிசை. அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும். டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

இரவில் வழக்கத்தைவிடத் தலையணை கூட்டினால்தான் தூங்க முடிகிறது என்றால் மறுநாளே காட்டுங்கள். இருந்தபடியே மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும்வரை பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள்.