ஃபிட்ஸ்ஜெரால்டு என்று பெயர் இருந்தால் டியூக் வம்சமா?

திருச்சி பொன்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் பாட்டியின் அப்பா பெயர் ஃபிட்ஸ்ஜெரால்டு, ரயில்வே கார்டாக இருந்தவர். நாங்கள் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் டியூக் என்ற பிரபுக் குடும்பத்து வாரிசுகள் என்று ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. குலச்சின்னத்துக்கும் வம்சாவளிச் சான்றிதழுக்கும் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?"

கட்டாதீர்கள்.

அயர்லாந்தில் ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. கார்க், லிமெரிக், கெர்ரி பக்கம் குத்தகை விவசாயிகளிலும் அந்தப் பெயர்க்காரர்கள் ஏராளம். டியூக் குடும்பம் என்பது 1316-ல் கில்டேர் பிரபு பட்டமும் 1766-ல் லெய்ன்ஸ்டர் டியூக் பட்டமும் பெற்ற ஒரே ஒரு கிளை. 1537-ல் பத்தாவது பிரபு தாமஸையும் அவருடைய ஐந்து சித்தப்பா, பெரியப்பாக்களையும் லண்டனில் கொன்றார்கள். மிஞ்சிய வாரிசான சிறுவனை ஐரோப்பாவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அந்தப் பையன் எங்கெங்கே இருந்தான் என்பது உட்பட எல்லாம் பதிவாகியிருக்கிறது. முறையாகப் பிறந்த ஒரு மகன் பொன்மலைக்கு வந்திருந்தால் பிரபுக்களின் வம்சாவளி நூல்களில் அவர் எப்போதோ ஏறியிருப்பார்.

"முறை தவறிப் பிறந்திருந்தால்?" என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ரத்த உறவு இருக்கலாம், பட்டம் வராது. பெற்றோர் பிறகு திருமணம் செய்துகொண்டிருந்தாலும் வராது. 1926-ன் இங்கிலாந்துச் சட்டம் அப்படிப்பட்ட பிள்ளைகளை முறைப்படி பிறந்தவர்களாக ஏற்றுக்கொண்டது, ஆனால் பிரபு பட்டங்களை மட்டும் கவனமாக விலக்கி வைத்தது. இதை மறைத்துத்தான் தரகர்கள் காசு பார்க்கிறார்கள்.

சின்னமும் அப்படித்தான். வெள்ளைக் கேடயத்தில் சிவப்புப் பெருக்கல் குறி, மேலே ஒரு குரங்கு. கோட்டை தீப்பிடித்தபோது வளர்ப்புக் குரங்கு குழந்தையைத் தூக்கி வந்து காப்பாற்றியது என்று ஒரு கதை. அந்தச் சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வராது. உங்களுக்கு விற்பது நல்ல காகிதத்தில் அச்சடித்த குரங்குப் படம்.

சரி, என்ன செய்யலாம்? டியூக்கிலிருந்து கீழே வராதீர்கள், பாட்டியிலிருந்து மேலே போங்கள். பாட்டியின் திருமணப் பதிவை முதலில் பங்கு ஆலயத்தில் கேளுங்கள். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் பலவற்றின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, கத்தோலிக்கப் பதிவுகள் அங்கே குறைவு. நம் ஊரில் எழுதியதை இணையத்தில் பார்க்க நாமே ஒரு வெளிநாட்டுத் தளத்துக்குச் சந்தா கட்ட வேண்டும்!

அயர்லாந்தில் பிறந்தவர் என்று தெரிந்தால், 1864 முதலான பிறப்புப் பதிவுகள் அந்நாட்டு அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் இலவசம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கும் இலவசம். 1821 முதல் 1851 வரையிலான கணக்குகளில் பெரும்பகுதி 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. 1881, 1891 கணக்குகளை அரசே முதல் உலகப் போரின்போது காகிதக்கூழ் ஆக்கிவிட்டது. "எரிந்த பதிவு எங்களிடம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஐரிஷ் பாஸ்போர்ட் என்று அடுத்த தரகர் வருவார். அதற்குப் பொதுவாகப் பெற்றோரில் ஒருவரோ தாத்தா, பாட்டியில் ஒருவரோ அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கொள்ளுத்தாத்தா. பணம் கட்டி ஏமாறாதீர்கள்.