துணிக்கடையில் வேலை செய்பவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்களே, உட்காரக் கூடாதா? இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

தாராளமாக உட்காரலாம், சட்டமும் இருக்கிறது. 1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். கேரளாவில் இது 2018-லேயே வந்துவிட்டது. அங்கேயும் யாரும் தானாகக் கொடுக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பி. விஜி என்ற தையல்காரர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பில் சேர்ந்து, முதலில் கழிப்பறைக்கும் அப்புறம் நாற்காலிக்கும் பல வருடம் போராடி வாங்கினார்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று இருந்தது. மில்லில் நிற்கிறவருக்குக் கிடைத்தது கடையில் நிற்கிறவருக்கு வந்துசேர எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நான் இருந்தேன், சட்டம் வருவதற்கு முன்னாலும் பின்னாலும். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்தில் நிற்பதே தெரியாது. கொடுமை என்றால் சாதாரண நாளில் மதியம் மூன்று மணிதான். மாடியில் ஒரு ஆள் இருக்காது. மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். ரேக்கில் லேசாகச் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் இன்டர்காமில் கூப்பிடுவார். “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்பார். சம்பளத்தில் பிடித்தம் வரப்போகிறது என்று அர்த்தம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் அது நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகி, நரம்பு சுருட்டிக்கொள்ளும். எங்கள் ஹாஸ்டலில் முப்பது வயதைத் தாண்டாத பெண்களுக்கே முழங்காலுக்குப் பின்னால் நீலமாகப் புடைத்திருக்கும். ராத்திரி தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலை வைத்துத்தான் படுப்பார்கள். போதாக்குறைக்குப் பெண்கள் கழிப்பறை மேல்மாடியில். போய்வர நேரமாகும், கேள்வி வரும் என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு எல்லோருக்கும் பழகிய சமாச்சாரம்.

சட்டம் வந்ததும் கவுண்டருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உட்காரத் துணிச்சலும் யாருக்கும் வரவில்லை. சீக்கிரமே பிரித்துக் காட்டிய சேலைகளை அடுக்கி வைக்கும் மேசையாகிவிட்டது. ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் சேலைகள் இறங்கும், அவர்கள் போனதும் ஏறும். அப்புறம் புதிதாக ஒரு இன்சார்ஜ் அக்கா வந்தார். ஆள் இல்லாத மதியத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்டாக் எழுதுவார். “நீயும் உக்காரு புள்ள, யாராவது வந்தா எந்திரிச்சுக்கலாம்” என்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் மாடியில் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது என்று சொல்வேன்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்பதுதான் முதலாளிகள் சொல்லும் காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் வாங்க வந்தவர்களும் எதிரெதிரே சம்மணம் போட்டுத்தானே வியாபாரம் நடந்தது? முகூர்த்தப் பட்டே அப்படித்தான் விற்றார்கள். யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாகத் தெரியவில்லை.

உங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம். வேலை பார்க்கிறவர் எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும், உங்களுக்கு அது கிடையாது. எந்தக் கடை, எந்த மாடி, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஆய்வுக்குச் சொல்லாமல், அதுவும் மதியத்தில் வரச் சொல்லி ஒரு வரி சேருங்கள். கூட்டம் நெரியும் சாயங்காலத்தில் வந்து பார்த்தால், எல்லோரும் நின்றுகொண்டிருப்பது அவர்களுக்கு இயல்பாகத்தான் தெரியும்.